என்.பி.ஏ. டிரேட் யோசனை: கோப்பை அணி கட்ட நினைப்பவர் கணக்குப் போடும் முறை

“மூணு பேரைக் கொடுத்து ஒரு ஸ்டாரை வாங்கிடலாமே” என்று தொடங்கும் ரசிகர்களின் டிரேட் (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) யோசனைகள் பெரும்பாலும் ஆட்டத்தைப் பற்றிய விவாதம் வரைக்கும் போவதே இல்லை. சம்பளக் கணக்கு இடிக்கும், பிக் (ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) கொடுக்க உரிமை இருக்காது, அல்லது கேட்ட வீரரை டிசம்பர் வரைக்கும் தொடவே முடியாது. அதனால் இங்கே வரிசை இப்படி: முதலில் விதிப்படி முடியுமா, பிறகு அந்த வீரர் நமக்கு வேண்டுமா, கடைசியாக எதிர் அணி தலையாட்டுமா.

தொகைகள் எல்லாம் 2025-26 சீசனுக்கானவை. கோடி, லட்சம் என்று வருவது டாலர். ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் இவை மாறும் என்பதால் பழைய யோசனை ஒன்றைத் தூசி தட்டி எடுக்கும்போது எண்களையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. நான்கு தாள்களை முதலில் எடுத்து வையுங்கள்

முதல் தாள், உங்கள் அணியின் சம்பளப் பட்டியல். இந்த ஆண்டுத் தொகை மட்டும் போதாது. ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, கடைசி ஆண்டு ஆப்ஷன் (அந்த ஆண்டைத் தொடர்வதா வேண்டாமா என்ற தேர்வு) என்றால் அது அணியின் கையிலா வீரரின் கையிலா, எவ்வளவு தொகைக்கு உத்தரவாதம், டிரேட் கிக்கர் (டிரேட் ஆனால் சம்பளம் கூடும் என்ற ஷரத்து) இருக்கிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். உத்தரவாதமில்லாத ஒப்பந்தத்தை அனுப்பும்போது, உத்தரவாதமுள்ள பகுதி மட்டும்தான் பொருத்தக் கணக்கில் (அனுப்பும் சம்பளத்துக்கு ஈடாக எவ்வளவு வாங்கலாம் என்ற கணக்கு) சேரும். கோடைக்காலத்தில் இதைக் கவனிக்காமல் போட்ட கணக்கு அப்படியே சரிந்துவிடும். ஜனவரி 10-க்குப் பிறகு அந்தச் சீசனின் சம்பளத்துக்கு உத்தரவாதம் வந்துவிடுவதால் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, பிக் கணக்கு. உங்களிடம் இருப்பவை ஒரு பக்கம், ஏற்கெனவே அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்தவை மறுபக்கம். மூன்றாவது, கையிலுள்ள எக்ஸெப்ஷன்கள் (சம்பள வரம்புக்கு மேலிருந்தாலும் ஆளை எடுக்க உதவும் விலக்குகள்), ஒவ்வொன்றும் காலாவதியாகும் தேதியோடு. நான்காவது, எதிர் அணிக்கும் இதே மூன்று. இந்த நான்காவது தாளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

சம்பளத்துக்கு ஸ்பாட்ராக், பிக் விவரத்துக்கு ரியல்ஜிஎம். இரண்டிலும் இந்த வேலைக்கு வேண்டியது இலவசமாகவே கிடைக்கும். இ.எஸ்.பி.என். டிரேட் மெஷின், ஃபேன்ஸ்போ போன்றவை சம்பளம் பொருந்துகிறதா என்று சட்டென்று காட்டும். ஆனால் பச்சை டிக் விழுந்ததும் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். பிக் விதி, தேதித் தடை, ரோஸ்டர் (அணியின் வீரர் பட்டியல்) இடம் எல்லாவற்றையும் நீங்களே ஒரு தடவை பார்க்க வேண்டும். ஓர் அணிக்கு முதல் தடவை ஒரு மாலைப்பொழுது போகும். அடுத்த தடவை அரை மணி நேரம்.

2. எந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறீர்கள்?

சேலரி கேப், அதாவது அணியின் மொத்தச் சம்பள வரம்பு, 15.46 கோடி. லக்சரி டாக்ஸ் (கூடுதல் சம்பளத்துக்கு அணி கட்டும் வரி) 18.79 கோடியில் தொடங்குகிறது. அதற்கும் மேலே கட்டுப்பாடுகள் கூடும் இரண்டு கோடுகள்: முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. கோப்பைக்கு ஆட நினைக்கும் அணிகளில் பல டாக்ஸ் கோட்டை ஒட்டியோ அதற்கு மேலேயோதான் இருக்கும். அங்கிருந்து இரண்டாம் ஏப்ரன் வரைக்கும் உள்ள இரண்டு கோடி இடைவெளிக்குள்தான் விதிகள் இறுகுகின்றன.

முதல் ஏப்ரனுக்கு மேல் போனால், அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. போன ஆண்டு உருவான டிரேட் எக்ஸெப்ஷன் (அனுப்பியதைவிடக் குறைவாக வாங்கியபோது மிஞ்சிய இடம்) செல்லாது. சைன்-அண்ட்-டிரேடில் (பழைய அணி ஒப்பந்தம் போட்டு உடனே அனுப்புவது) ஆளை எடுக்க முடியாது. பைஅவுட்டில் (பேசிய தொகையை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது) வெளியே வரும் பெரிய சம்பளக்காரரையும் (பழைய சம்பளம் 1.41 கோடிக்கு மேல்) எடுக்க முடியாது.

இரண்டாம் ஏப்ரனுக்கு மேல் இதெல்லாம் போக இன்னும் மூன்று அடி. இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளத்துக்குப் பொருத்த முடியாது. டிரேடில் பணம் கொடுக்க முடியாது. சீசன் முடிவிலும் மேலேயே நின்றால் ஏழாண்டு தள்ளியுள்ள முதல் சுற்றுப் பிக் உறைந்துவிடும், அதாவது டிரேடில் கொடுக்க முடியாது. ஃபீனிக்ஸ் சன்ஸின் 2032 பிக் அப்படித்தான் உறைந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை மறுபடியும் மேலே நின்றால், அந்தப் பிக் முதல் சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோட்டைப் பார்ப்பது டிரேடுக்கு முந்தைய தொகையை வைத்து இல்லை, டிரேட் முடிந்த பிறகு வரும் தொகையை வைத்து. இரண்டாம் ஏப்ரனுக்கு மேலிருக்கும் அணி, டிரேட் முடியும்போது கீழே இறங்கிவிடும் என்றால் சம்பளங்களைக் கூட்டலாம். கீழே இருக்கும் அணி கூடுதலாக வாங்கினால், டிரேடுக்குப் பிறகும் முதல் ஏப்ரனுக்குக் கீழே இருக்க வேண்டும். அதோடு அந்தக் கோடு அன்றிலிருந்து ஜூன் 30 வரை ஹார்டு கேப் ஆகிவிடும். என்ன அவசரம் வந்தாலும் தாண்ட முடியாது. சம்பளங்களைக் கூட்டினால் இதேபோல் இரண்டாம் ஏப்ரனில் பூட்டு விழும்.

இன்னொன்று: கிடைக்க வாய்ப்பில்லை என்று கருதப்படும் போனஸ்கள் கேப் கணக்கிலும் டாக்ஸ் கணக்கிலும் வராது, ஏப்ரன் கணக்கில் மட்டும் வரும். சம்பளப் பட்டியலைக் கூட்டிப் பார்த்து “இன்னும் பத்து லட்சம் இடம் இருக்கு” என்று எழுதியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

3. சம்பளம் பொருத்துவது

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அணி இரண்டு பேரை அனுப்புகிறது: ஒருவர் 1.20 கோடி, இன்னொருவர் 90 லட்சம். மொத்தம் 2.10 கோடி.

டிரேடுக்குப் பிறகும் நீங்கள் முதல் ஏப்ரனுக்குக் கீழே என்றால், அனுப்பும் தொகை 82.77 லட்சத்துக்கும் சுமார் 3.31 கோடிக்கும் இடையில் இருக்கும்போது கூடுதலாக 85.27 லட்சம் வாங்கலாம். ஆக 2.95 கோடி வரை போகலாம். (அனுப்புவது 82.77 லட்சத்துக்குக் கீழே என்றால் இரண்டு மடங்கும் 2.5 லட்சமும். 3.31 கோடிக்கு மேல் என்றால் 125 சதவீதமும் 2.5 லட்சமும்.)

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மொத்தச் சம்பளம் டிரேடுக்கு முன் 19.10 கோடி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏப்ரனுக்கு மீதி 49 லட்சம்தான். ஆகவே 2.95 என்பது காகிதத்தில் மட்டும். உண்மையான உச்சம் 2.59 கோடி. இரண்டு பேர் போய் ஒருவர் வந்தால் ரோஸ்டரில் ஓர் இடம் காலியாகும். 15 பேர் இருந்த அணி 14-க்கு வரும், அது பரவாயில்லை. 14 இருந்தது 13 ஆனால் இரண்டு வாரத்துக்குள் ஆள் பிடிக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பள வெட்டரன் (அனுபவ வீரர்) ஒருவர் முழு ஆண்டுக்கு சுமார் 23 லட்சமாகக் கணக்கில் ஏறுவார். பிப்ரவரியில் எடுத்தால் மீதி நாட்களுக்கு மட்டும் என்பதால் பாதிக்கும் கீழே வரும். அதையும் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

இதே இரண்டு பேர், ஆனால் அணி முதல் ஏப்ரனுக்கு மேல் என்றால் உச்சம் 2.10 கோடி. இரண்டாம் ஏப்ரனுக்கு மேல் என்றால் கூட்டவே முடியாது: 1.20 கோடிக்காரருக்கு ஈடாக 1.20 கோடிக்குள் ஒருவர், 90 லட்சக்காரருக்கு ஈடாக அதற்குள் ஒருவர். ஆனால் ஒருவரை அனுப்பிப் பலரை வாங்கத் தடையில்லை. 2024 அக்டோபரில் மினசோட்டா, கார்ல்-அந்தோணி டவுன்ஸ் ஒருவரை நியூயார்க்குக்கு அனுப்பி ஜூலியஸ் ராண்டில், டான்டே டிவின்சென்சோ, கீட்டா பேட்ஸ்-டியோப் மூவரையும் ஒரு பிக்கையும் வாங்கியது இந்த வழியில்தான்.

பொருத்தம் இரண்டு அணிக்கும் தனித்தனியாகச் சரிவர வேண்டும். உங்கள் பக்கம் சரியாக வந்து எதிர்ப்பக்கம் இடித்தால் மூன்றாவது அணி ஒன்றைத் தேடுங்கள். டவுன்ஸ் டிரேடில் ஷார்லட் வந்தது அப்படி. மூன்றாவது அணி சும்மா உதவாது. இரண்டாம் சுற்றுப் பிக்கோ கொஞ்சம் பணமோ கூலியாகக் கேட்கும். அதையும் யோசனையில் எழுதுங்கள்.

டிரேட் எக்ஸெப்ஷனை வீரரின் சம்பளத்தோடு கூட்ட முடியாது. ஒரு கோடி எக்ஸெப்ஷனும் ஒரு கோடி வீரரும் சேர்ந்து இரண்டு கோடி ஆகாது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம். எக்ஸெப்ஷனுக்குள் அடங்கும் ஆளை எதிர்ச் சம்பளம் இல்லாமல் உள்ளே எடுக்கலாம், அவ்வளவுதான், ஆயுள் ஓராண்டு. மிட்-லெவல் எக்ஸெப்ஷனையும் (ஒப்பந்தமில்லாத வீரரை எடுக்கத் தரப்படும் விலக்கு, 1.41 கோடி) இப்போது இதேபோல் டிரேடில் பயன்படுத்தலாம்.

டிரேட் கிக்கர் இருக்கும் வீரருக்கு அதிகபட்சம் 15 சதவீதம் வரை சம்பளம் கூடும். கூடுவது வாங்கும் அணியின் கணக்கில். ஒட்டிப் பொருந்தும் டிரேடை இது கெடுத்துவிடும். வீரர் விட்டுக்கொடுக்கலாம், 2025 பிப்ரவரியில் லூகா டோன்சிச் டிரேடில் அந்தோணி டேவிஸ் தன் கிக்கரை விட்டுக்கொடுத்தார். ஆனால் அவர் விட்டுக்கொடுப்பார் என்ற நம்பிக்கையில் யோசனை எழுதாதீர்கள்.

ரூக்கி (புதுமுக) ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்பு) போட்ட இளம் வீரரைத் தொடும்போது இன்னும் கவனம். உதாரணத்துக்கு இந்த ஆண்டு 60 லட்சம், அடுத்த ஐந்தாண்டுக்கு 20 கோடி. அனுப்பும் அணிக்கு அவர் 60 லட்சம்தான். வாங்கும் அணிக்கு ஆறு ஆண்டின் சராசரி, அதாவது 3.43 கோடி. இந்தப் பள்ளத்தை நிரப்புவது அநேகமாக முடியாத காரியம். ஜூலையில் புதிய ஒப்பந்தம் தொடங்கும் வரை அவரை விட்டுவிடுங்கள்.

பெரிய சம்பளக்காரரைக் கேட்க வேண்டுமானால் நடுத்தரச் சம்பளத்தில் ஒருவராவது உங்களிடம் இருக்க வேண்டும். இண்டியானா இதைச் செய்த விதம் பாடமாக எடுத்துக்கொள்ளத் தக்கது. 2023 ஜூலையில் புரூஸ் பிரவுனை இரண்டு ஆண்டு, 4.5 கோடிக்கு எடுத்தது. இரண்டாம் ஆண்டு அணியின் ஆப்ஷன். அவருக்கு 2.2 கோடி சம்பளமா என்று பலரும் புருவம் உயர்த்தினார்கள். 2024 ஜனவரியில் அந்த 2.2 கோடிதான் சுமார் 3.8 கோடி சம்பளக்காரரான பாஸ்கல் சியாகமை டொராண்டோவிலிருந்து கொண்டுவர முதுகெலும்பாக இருந்தது. கூடவே ஜோர்டன் நுவோரா, நியூ ஆர்லியன்ஸ் வழியாக வந்த கிரா லூயிஸ், மூன்று முதல் சுற்றுப் பிக். அடுத்த ஆண்டு இண்டியானா ஃபைனலில் ஏழாவது ஆட்டம் வரை போனது.

4. பிக்: எவை உங்களுடையவை, எவற்றைக் கொடுக்கலாம்

எதிர்கால டிராஃப்டுகளில் தொடர்ந்து இரண்டு ஆண்டு முதல் சுற்றுப் பிக் இல்லாமல் இருக்கும்படி எந்த அணியும் கொடுக்க முடியாது. இதை ஸ்டெபியன் விதி என்பார்கள். ஏழு டிராஃப்டுக்கு அப்பாலுள்ளதையும் கொடுக்க முடியாது. எனவே 2025-26 சீசனின் நடுவில், எல்லாப் பிக்கும் சொந்தமாக இருக்கும் அணி அதிகபட்சம் கொடுக்கக்கூடியது 2026, 2028, 2030, 2032. இடையிலுள்ள 2027, 2029, 2031-ல் ஸ்வாப் உரிமை (இரு அணிப் பிக்குகளில் நல்லதை அவர்கள் எடுத்துக்கொள்வது) தரலாம். ஸ்வாபில் உங்களுக்கு ஏதோ ஒரு பிக் மிஞ்சும் என்பதால் விதி மீறப்படாது.

நடந்த டிரேடுகளிலேயே இந்த ஒன்று விட்ட ஆண்டு வடிவம் தெரியும். 2023-ல் கெவின் டுராண்டுக்காக ஃபீனிக்ஸ் கொடுத்தவை 2023, 2025, 2027, 2029, கூடவே 2028 ஸ்வாப். 2024-ல் மிக்கல் பிரிட்ஜஸுக்காக நியூயார்க் கொடுத்த சொந்தப் பிக்குகள் 2025, 2027, 2029, 2031, அதற்கும் 2028 ஸ்வாப்.

பாதுகாப்பு நிபந்தனை வைத்த பிக்தான் இடைஞ்சல். 2027 பிக்கை “முதல் நான்குக்குள் வந்தால் எங்களுக்கு, இல்லையென்றால் உங்களுக்கு, கிடைக்காவிட்டால் 2028” என்று ஏற்கெனவே எழுதிக்கொடுத்திருந்தால், இரண்டில் எது போகும் என்று இன்று தெரியாது. அதனால் 2026, 2027, 2028, 2029 நான்கும் பூட்டப்பட்டுவிடும். அடுத்து நிச்சயமாகக் கொடுக்கக்கூடியது 2030. ஒரு பிக் கொடுத்ததாக நினைத்து நான்கு ஆண்டை அடைத்துக்கொண்டார்கள் என்று இதைப் பார்த்தால் புரியும்.

விதியைச் சுற்றிப் போக நேரான வழி ஒன்று இருக்கிறது: டிராஃப்ட் இரவு. விதி எதிர்காலப் பிக்குகளுக்கு மட்டும். பெயர் அறிவித்த பிறகு அது பிக் இல்லை, ஒரு வீரரின் உரிமை. அதைக் கொடுக்கலாம்.

இரண்டாம் சுற்றுப் பிக்குகளுக்கு ஸ்டெபியன் விதி இல்லை. அதற்காக ஸ்டாரைக் கேட்கும் இடத்தில் ஆறு இரண்டாம் சுற்றுப் பிக்கை அடுக்காதீர்கள். அவை பெஞ்ச் வீரருக்கும் மூன்றாம் அணியின் கூலிக்கும்தான் உதவும்.

5. தேதிகள்

கோடையில் ஒப்பந்தம் போட்ட ஃப்ரீ ஏஜென்ட் (பழைய ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடியவர்) டிசம்பர் 15 அல்லது மூன்று மாதம், எது பிந்தையதோ அதுவரை டிரேடில் வர முடியாது. கேப்புக்கு மேலுள்ள அணி பேர்ட் உரிமையில் (சொந்த வீரரை கேப்பைத் தாண்டியும் வைத்துக்கொள்ளும் உரிமை) 20 சதவீதத்துக்கு மேல் உயர்த்திக் கொடுத்து வைத்துக்கொண்டவர் ஜனவரி 15 வரை. புதிதாகக் கையெழுத்திட்ட டிராஃப்ட் வீரர் 30 நாள். 2014-ல் கெவின் லவ் டிரேட் ஆண்ட்ரூ விக்கின்ஸுக்காக ஆகஸ்ட் 23 வரை காத்திருந்தது இதனால்தான். டிரேடில் வந்தவரின் சம்பளத்தை, கேப்புக்கு மேலுள்ள அணி இன்னொருவர் சம்பளத்தோடு கூட்டி அனுப்ப இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். தனியாக அனுப்பலாம்.

2025-26 சீசனில் டிரேடுக்கான கடைசி நேரம், அதாவது டெட்லைன், 2026 பிப்ரவரி 5, அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 3 மணி. நம் ஊரிலும் இலங்கையிலும் பிப்ரவரி 6 அதிகாலை 1.30. அதன்பின் பூட்டு, அணியின் சீசன் முடிந்ததும் மறுபடி திறக்கும், ஆனால் அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிகிறவரையும், ஆப்ஷனால் முடியக்கூடியவரையும் தொட முடியாது. ஜூனில் செய்யும் டிரேடுக்குப் பழைய ஆண்டுச் சம்பளம், ஜூலை 6-க்குப் பிறகு செய்தால் புதிய ஆண்டுச் சம்பளம். ஒரே டிரேட் ஜூனில் பொருந்தி ஜூலையில் பொருந்தாமல் போகும்; தலைகீழாகவும் நடக்கும். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

6. இப்போதுதான் ஆட்டம்: யாரைக் கேட்பது?

புள்ளிப் பட்டியலைத் திறந்து, அதிகம் அடிப்பவரில் தொடங்கினால் தவறான ஆளில்தான் போய் நிற்பீர்கள். பிளேஆஃபில் (ரெகுலர் சீசனுக்குப் பிறகு கோப்பைக்கு ஆடும் தொடர்கள்) எதிர் அணி உங்கள் ஐவரில் பலவீனமான டிஃபெண்டரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு முறையும் பந்தை அவரிடமே கொண்டுவரும். மறுமுனையில், மூன்று புள்ளி எறியத் தெரியாதவரைச் சும்மா விட்டுவிட்டு ரிங்குக்குக் கீழே கூட்டம் போடும். இந்த இரண்டு ஓட்டைகளில் உங்கள் அணியில் எது இருக்கிறது, அது யார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். டிரேட் அந்த ஓட்டையை அடைப்பதாக இருக்க வேண்டும்.

டென்வர் 2022-ல் மோன்டே மோரிஸையும் வில் பார்ட்டனையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பையும் இஷ் ஸ்மித்தையும் வாங்கியது. அதற்கு முந்தைய சீசனில் பார்ட்டன் ஆட்டத்துக்கு 14.7 புள்ளி, போப் 13.2. எண்ணில் இறக்கம்தான். ஆனால் நிகோலா யோகிச் பந்தைக் கையில் வைத்து ஆடும் அணிக்கு, பந்தைக் கேட்காமல் மூலையில் நின்று எறிந்து, மறுமுனையில் எதிர் அணியின் சிறந்த கார்டை (பந்தைக் கொண்டுவரும் வீரரை) மடக்கும் ஒருவர் தேவைப்பட்டார். 2023-ல் கோப்பை வந்தது.

ஓக்லஹோமா சிட்டியைப் பாருங்கள். மலைபோலப் பிக் வைத்திருந்த அணி, 2024 ஜூனில் ஒரு பிக்கும் சேர்க்காமல் ஜோஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை வாங்கியது. ஒருவருக்கு ஒருவர். அந்த ஆண்டு பிளேஆஃபில் டாலஸ், கிடியை எறியவிட்டுச் சும்மா நின்றது. தொடரின் பிற்பகுதியில் அவர் பெஞ்சிலிருந்து வர வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு டென்வருடனான தொடரின் ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட அரை அடி உயரமான யோகிச்சைப் பிடித்து நின்றவர் கரூசோ. கிடி மோசமான ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. இளையவர், வளரக்கூடியவர். கோப்பைக்கு ஆடும் அணியில் அவர் செய்யும் வேலைக்கு ஏற்கெனவே ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர் இருந்தார், அவ்வளவுதான்.

நாலு சுமாரான வீரரைக் கொடுத்து ஒரு நல்லவரை வாங்குவது உங்களுக்கு லாபம். அதனாலேயே எதிர் அணி ஒப்புக்கொள்ளாது. ரோஸ்டரில் 15 இடம்தான். நாலு பேர் வந்தால் அவர்கள் மூன்று பேரை வெளியே தள்ளிச் சம்பளத்தை இழக்க வேண்டும்.

நோ-டிரேட் உரிமை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிராட்லி பீல் 2023-ல் ஃபீனிக்ஸுக்கு வந்தபோது அந்த உரிமையும் கூடவே வந்தது. வெளியே அனுப்ப நினைத்தபோது அவர் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. 2025 ஜூலையில் பைஅவுட் கொடுத்துத்தான் பிரிந்தார்கள். எட்டு ஆண்டு ஆடி, அதில் நான்கு ஆண்டு அதே அணியில் இருந்தவர்தான் ஒப்பந்தத்தில் இதைக் கேட்க முடியும் என்பதால் இவர்கள் மிகச் சிலரே.

7. எதிர் அணியின் நாற்காலியில் உட்காருங்கள்

யோசனையைத் திருப்பி வைத்து, அந்த அணியின் ரசிகராகப் படியுங்கள். “ஏன் கொடுக்கணும்?” என்பதற்கு ஒரே வரியில் பதில் வராவிட்டால் அது டிரேட் இல்லை, ஆசை. பதில் இவற்றில் ஒன்றாக இருக்கும்: வீரரின் ஒப்பந்தம் முடியப்போகிறது, அவர் தங்கப்போவதில்லை. அணி ஏப்ரனிலிருந்து இறங்கியாக வேண்டும். அணி புதிதாகக் கட்டத் தொடங்குகிறது, இளையவரும் பிக்கும் வேண்டும். அல்லது அவர் இடத்தில் ஆட இன்னொருவர் வந்துவிட்டார்.

கட்டத் தொடங்கும் அணிக்கு உங்கள் 2026 பிக்கைவிட 2030, 2032 பிக் மேல். நீங்கள் இப்போது ஜெயிக்கிற அணி என்றால் அடுத்த ஆண்டுப் பிக் 28-வது இடம். ஏழாண்டு கழித்து உங்கள் ஸ்டார் வயதாகியிருப்பார். 2025 ஜனவரியில் ஃபீனிக்ஸ் தன் 2031 பிக் ஒன்றை யூட்டாவுக்குக் கொடுத்து, பதிலுக்கு மூன்று முதல் சுற்றுப் பிக் வாங்கியது. தூரத்துப் பிக்கின் விலை அது. கொடுக்கும்போது அதற்குரிய மதிப்போடு கொடுங்கள், இனிப்புக்கு மேல் தூவும் முந்திரிபோலக் கடைசியில் சேர்க்காதீர்கள்.

அவசரத்தில் எவ்வளவு போகும் என்பதற்கு 2019 ஜூலை. பால் ஜார்ஜை வாங்க கிளிப்பர்ஸ் கொடுத்தவை: கில்ஜஸ்-அலெக்சாண்டர், டேனிலோ கலினாரி, ஐந்து முதல் சுற்றுப் பிக், இரண்டு ஸ்வாப். அந்தப் பிக் ஒன்றில் 2022-ல் 12-வது ஆளாக வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025 கோப்பையை ஓக்லஹோமாவுக்குத் தூக்கியவர்களில் அந்த இருவரும் முதல் வரிசை.

8. உரிமையாளர் கட்டும் பில்

டாக்ஸ் கோட்டை ஒரு கோடி தாண்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 56.85 லட்சத்துக்கு டாலருக்கு ஒரு டாலர், அடுத்த பகுதிக்கு 1.25. மொத்தம் சுமார் 1.11 கோடி வரி. இதே தொகையை ரீபீட்டர் அணி, அதாவது முந்தைய நான்கு சீசனில் மூன்றில் வரி கட்டிய அணி, 3.00, 3.25 என்ற விகிதத்தில் கட்டும்: சுமார் 3.11 கோடி. சுமார் 1.14 கோடியைத் தாண்டிய பிறகு வரும் ஒவ்வொரு டாலருக்கும் சாதாரண அணிக்கே 3.50, ரீபீட்டருக்கு 5.50. பெஞ்சின் கடைசியில் உட்காரும் 30 லட்ச வீரர் ரீபீட்டர் அணியின் உரிமையாளருக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் இழுத்துவிடுவது இப்படித்தான்.

வரி பார்ப்பது ரெகுலர் சீசனின் கடைசி நாள் சம்பளத்தை வைத்து. ஆகவே டெட்லைனில் ஆடாத ஒருவரை இரண்டாம் சுற்றுப் பிக்கோடு சேர்த்து, இடம் இருக்கும் அணிக்குத் தள்ளிவிட்டால் முழு ஆண்டு வரியும் குறையும். உங்கள் பெரிய டிரேடோடு இந்தச் சின்ன டிரேடையும் சேர்த்து எழுதினால், படிப்பவர் உங்களைக் கணக்குத் தெரிந்தவர் என்று எடுத்துக்கொள்வார்.

9. எழுதி முடிப்பதும் அதற்குப் பிறகும்

யோசனை ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மேலே யார் எங்கே போகிறார்கள், சம்பளத்தோடு. அதன் கீழே ஒவ்வொரு அணியும் டிரேடுக்கு முன்னும் பின்னும் எந்தக் கோட்டில், ஹார்டு கேப் எங்கே விழுகிறது, ரோஸ்டர் எத்தனை. பிக் என்றால் ஆண்டும் பாதுகாப்பும். “ஒரு ஃபர்ஸ்ட்” என்று மொட்டையாக எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எந்தத் தேதிக்குப் பிறகு செய்ய முடியும். கடைசியாக, எதிர் அணி ஏன் ஒப்புக்கொள்ளும் என்று அந்த ஒரு வரி.

ஒப்புக்கொண்ட டிரேடும் மருத்துவப் பரிசோதனையில் உடையும். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ், ஷார்லட்டின் சென்டர் மார்க் வில்லியம்ஸுக்காக டால்டன் கனெக்ட், கேம் ரெடிஷ், 2031 முதல் சுற்றுப் பிக், 2030 ஸ்வாப் என்று பேசி முடித்தது. டெட்லைன் 6-ம் தேதி. பரிசோதனை முடிவைப் பார்த்து லேக்கர்ஸ் ரத்து செய்தது 8-ம் தேதி. கனெக்ட்டும் ரெடிஷும் திரும்பி வந்தார்கள். வேறு சென்டரை டிரேடில் கேட்க வழி மூடிவிட்டது. முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்ற தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், எதிர் அணியின் சென்டர் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்டு எடுத்தார். காயப் பட்டியல் நீளமான ஒருவரைக் கேட்பதாக இருந்தால், டெட்லைனுக்கு மூன்று நான்கு நாள் முன்பே நடக்கும்படி யோசனையை எழுதுங்கள். அதோடு கதவு அடைபட்டால் தட்ட இரண்டாவது பெயர் ஒன்றையும், அவருக்கான சம்பளக் கணக்கையும் அடியில் சேர்த்துவிடுங்கள்.